சூசையின் ஆபரேஷனும் லாசர் மாமாவின் கேள்வியும்

1

இந்த அக்டோபரோடு நான் சீமைக்கு வந்து நான்கு வருஷம் நிறைகிறது. அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம், அதன் முதல் வாரத்தில் கப்பலேறினேன். அம்மா என் சட்டைப் பைக்குள் ஒரு ஜெபமாலையையும், பெட்டிக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டையும் திணித்துவிட்டாள். ஜெபமாலை இன்னும் இருக்கிறது. கருவாடு ஏடன் தாண்டுவதற்குள் கப்பலையே கலக்கிவிட்டது. ராயபுரத்துக்காரன் போகிறான் என்று எல்லாருக்கும் தெரியவேண்டாமா!

இங்கே யார்க்‌ஷயரில், ஒரு மேட்டின்மேல் இருக்கும் மனநோய் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருக்கிறேன். வந்த முதல் நாள் அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பப் பெயர் என்ன என்று ஒரு கட்டம். எனக்கு ஏது குடும்பப் பெயர்? என் பெயர் சவரி. முன்னால் ஓர் இனிஷியல், அதுவும் அப்பாவுடையது. கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று அந்த அம்மாள் பிடிவாதம் பிடித்ததால் அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து நான் டாக்டர் இக்னேஷியஸ். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டி, இருமி இருமிச் செத்துப்போன என் அப்பா இஞ்ஞாசி, இன்றைக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஆங்கிலேயர்களின் மூளையைப் பரிசோதிக்கிறார். அப்பாவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்னால் செய்திருக்க முடியாது.

பேச்சில் வழுக்கி விழாத நாள் கிடையாது. வந்த புதிதில் ஒரு கிழவரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, நம் வழக்கப்படி ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். அவர் பாவம், நான் வருவேன் என்று சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் வார்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலைமை நர்ஸ் என்னைத் தேடி வந்து திட்டிய திட்டு இருக்கிறதே, அடேயப்பா. வழக்கத்தை மட்டும் விடமுடியவில்லை. ‘போகிறேன்’ என்று நோயாளியிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

என் மகள் ரீட்டாவுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. ஆறு வயது. நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் தமிழில் கேட்டால் அவள் யார்க்‌ஷயரில் பதில் சொல்கிறாள். போன வாரம் பஸ்ஸில் ‘ஜன்னலோரமா உக்காரு கண்ணு’ என்றேன். என் காதருகே வந்து, ‘அப்பா, எல்லாரும் இருக்கும்போது அப்படிப் பேசாதே’ என்று இங்கிலீஷில் கிசுகிசுத்தாள். சித்தப்பா சூசையின் படத்தைக் காட்டினால் ‘யார் அது?’ என்கிறாள். மனசு வலிக்கிறது, ஆனால் அவள்மேல் குற்றமில்லை, அவனைப் பற்றி நாங்கள்தான் அவளிடம் வாய் திறப்பதில்லை. இன்றைக்கு நான் எழுத உட்கார்ந்தது அந்தச் சூசையைப் பற்றித்தான்.

2

முதலில் எங்கள் செவ்வாய்க்கிழமையைச் சொல்லவேண்டும்.

ஒவ்வொரு செவ்வாயும் மூன்று மணிக்குப் பயிற்சி டாக்டர்கள் ஐந்து பேரும் நூலக அறையில் கூடுவோம். டீயும் உப்புச்சப்பில்லாத பிஸ்கட்டும் உண்டு. எங்களில் ஒருவர், மருத்துவப் பத்திரிகையில் வந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்து விளக்கவேண்டும். மற்றவர்கள் அதில் ஓட்டை எங்கே என்று தேடவேண்டும். இதை நடத்துகிறவர் எங்கள் பெரிய டாக்டர் ஆஷ்வொர்த். எப்போதும் அணைந்துபோன பைப், முழங்கையில் ஒட்டுப் போட்ட கோட்டு, சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

அவருக்கு ஒரு வழக்கம். கட்டுரையை எங்களிடம் கொடுக்கும் முன் அதன் கடைசிப் பத்தியின்மேல், அதாவது முடிவின்மேல், பழுப்புக் காகிதத்தில் ஒரு பட்டை வெட்டிப் பசைபோட்டு ஒட்டிவிடுவார். யாரைச் சேர்த்தார்கள், எப்படி எண்ணினார்கள், அட்டவணை என்ன சொல்கிறது என்று பார்த்து, நம் முடிவை நாமே எழுதிக்கொண்டு வரவேண்டும். பிறகு எல்லார் முன்னிலும் பட்டையை உரிப்போம். ‘முடிவை முதலில் படித்தவன் அப்புறம் அட்டவணையைப் படிப்பதில்லை. அட்டவணைக்குள் முடிவைத் தேடுகிறான்’ என்பார்.

எனக்கு இது ஒரு வருஷம் பிடிபடவே இல்லை. நான் மதராசில் மனப்பாடம் செய்தே மெடல் வாங்கினவன். அச்சில் வந்தது வேதவாக்கு. டாக்டர்கள் எழுதியதை டாக்டர்களே சந்தேகப்படுவதா? பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதுபோல் எனக்குக் கூசியது. பக்கத்தில் உட்காரும் அயர்லாந்துக்காரி நோரா டெலனிக்கோ அது பால்கோவா சாப்பிடுகிற மாதிரி. ‘இந்த முப்பது பேரையும் இவர் எப்படிப் பொறுக்கினார்? நல்ல பழமாகப் பார்த்துக் கூடையில் போட்டாரா?’ என்று ஆரம்பித்தாளானால் கட்டுரை அன்றோடு காலி.

3

போன வருஷம் தவக்காலத்தில் மாமாவின் கடிதம் வந்தது. மாமா என்றால் பிலோ அக்காவின் புருஷன் லாசர். என்னைவிட நாலு வயசுதான் மூத்தவர். துறைமுகத்தில் டாலி கிளார்க், கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக் கடிதம் எல்லாம் மாமாதான். பேசுகிற மாதிரியே எழுதுவார்.

‘மச்சான், சூசைக்கு ஒடம்பு ரொம்ப மோசமா கீது. அவன் கீற ஆஸ்பத்திரில பெரிய டாக்டரு கூப்ட்டு, மூளைல ஆப்ரேசன் பண்ணா அடங்கிடுவான்றாரு. அம்மா கைநாட்டு வைக்கணுமாம். இதுல எனக்கு இன்னா தெரியும்? அம்மா சொல்றாங்கோ, எம்புள்ள சவரி சீமைல இதே படிப்புதான் படிக்கிறான், அவன் சொன்னா சரின்னு. நீ இன்னா சொல்றியோ அத்த செய்றோம். சீக்கிரம் எழுது.’

சூசை என் தம்பி. வியாசர்பாடி மைதானத்தில் அவன் கோல் காத்தால் எதிர் அணிக்காரர்களே கை தட்டுவார்கள். பந்தைப் பிடித்துவிட்டு அதற்கு ஒரு முத்தம் வேறு கொடுப்பான், கழுதை. இருபத்தொரு வயதில் ஆரம்பித்தது. துறைமுகத்தில் சங்கு ஊதினால் தன் பெயரைச் சொல்லித் திட்டுகிறது என்றான். நாங்கள் சிரித்தோம். ஒருநாள் காணவில்லை. திருவொற்றியூரைத் தாண்டிக் கடலோரமாகவே எண்ணூர் வரை நடந்து, முகத்துவாரத்து மணலில் இரண்டு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான். மீன்காரர்கள் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். வண்டியிலிருந்து இறங்கி என்னைப் பார்த்ததும், ‘அண்ணாத்த, அந்தச் சங்கு அங்க கூட வுட மாட்டேங்குதுடா’ என்று அழுதான். நான் மனநோய் மருத்துவம் படிக்க வந்ததே அந்த ஒரு வார்த்தைக்காக. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

4

கடிதம் வந்த அதே வாரம் ஆஷ்வொர்த் என் முறைக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். பிரித்தால், சாட்சாத் அதே ஆபரேஷன். மூளையின் முன்பக்கத்தில் சில இழைகளை வெட்டிவிட்டால் நோயாளி எப்படி ஆகிறார் என்பதைப் பற்றி. கடைசிப் பக்கத்தில் அந்தப் பழுப்புப் பட்டை. அதற்கு அடியில் என் தம்பியின் தலையெழுத்து.

முறைப்படி அட்டவணையில் ஆரம்பித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுப்பில் கெட்டிலை வைத்தேன். ஆவி வந்ததும் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். சிறுவயதில் தபால்தலை உரித்த பழக்கம். ஸ்டெல்லா, ‘இன்னா பண்றீங்கோ, பரீட்சைத் தாள் திருடற மாதிரி?’ என்றாள். பட்டை அழகாகக் கழன்று வந்தது. உள்ளே, பெரும்பாலோர் தேறினார்கள், பலர் ஆஸ்பத்திரியை விட்டுப் போனார்கள், இது நம்பிக்கை தரும் சிகிச்சை என்று இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் அட்டவணையைப் படித்தேன். எந்த வரியைப் பார்த்தாலும் சூசை வீட்டு வாசலில் சட்டை மாட்டிக்கொண்டு நிற்பதுதான் தெரிந்தது.

பட்டையைத் திரும்ப ஒட்டிவிட்டு, அப்போதே மாமாவுக்கு எழுதினேன். ‘தைரியமாக அம்மாவைக் கைநாட்டு வைக்கச் சொல்லுங்கள்.’ அதோடு விட்டேனா? படித்த திமிர். அட்டவணையைத் தமிழில் பெயர்த்து, கோடெல்லாம் போட்டு, தேறியவர், சற்றுத் தேறியவர், வெளியே அனுப்பப்பட்டவர் என்று ஒரு தாளில் அழகாக எழுதிச் சேர்த்தேன். மாமா அசந்துபோகட்டும் என்று.

செவ்வாய்க்கிழமை கட்டுரையை விளக்கினேன். வக்கீல் மாதிரிப் பேசினேன். டெலனி வாயைத் திறந்தபோதெல்லாம் அடக்கினேன். கடைசியில் பட்டையை உரிக்கப் போன ஆஷ்வொர்த் விரலால் அதைத் தடவிப் பார்த்தார். ஆவி பட்ட காகிதம் சுருங்கியிருந்தது. என்னைப் பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

‘டாக்டர் இக்னேஷியஸ், இதையே மறுபடியும் எடுத்து வாருங்கள். மூன்று வாரம் கழித்து’ என்றார். ஏன் உரித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சூசையைப் பற்றிச் சொல்லியிருப்பேன். கேட்காததுதான் குடைந்தது.

5

மூன்றாவது வாரச் செவ்வாய் காலையிலேயே மாமாவின் பதில் வந்துவிட்டது. கோட்டைப் போட்டுக்கொண்டே படித்தேன்.

‘மச்சான், உன் கடுதாசிய அம்மாக்குப் படிச்சேன். எம்புள்ள சொல்லிட்டான்னு முட்டி போட்டு ஜெபம் பண்ணாங்கோ. அடுத்த வாரம் வெள்ளிக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போயி கைநாட்டு வைக்கப் போறோம். ஆனா நீ அனுப்ச்ச கணக்குல எனக்கு ஒரு பேஜாரு. வைத்தியம் எனக்குத் தெரியாது, எண்றது தெரியும். ஹார்பர்ல இன்னா வழக்கம்? எறங்குற மூட்டய கப்பல்காரன் ஆளு ஒருத்தன் கப்பல்ல நின்னு எண்ணுவான். நான் கரைல நின்னு எண்ணுவேன். அவன் நோட்ட நான் பாக்கக் கூடாது, என் நோட்ட அவன் பாக்கக் கூடாது. சாய்ங்காலம் ரெண்டயும் பக்கத்துல வெச்சிப் பாப்பாங்கோ. ஒத்துப்போனா சரி, இல்லாங்காட்டி மறுக்கா எண்ணு.

‘இதுல ஆப்ரேசன் பண்ண டாக்டரே, தேறிச்சி தேறிச்சின்னு கோடு போட்டுகினு கீறாரு. எதிர்க்க நின்னு எண்ணவன் யாரு? அப்பால, வெளிய அனுப்ச்சாங்கோன்னு எழுதிகீற. எங்க அனுப்ச்சாங்கோ? வூட்டுக்கா, வேற ஆஸ்பத்திரிக்கா, கல்லறைக்கா? கப்பல வுட்டு எறங்குனது வேற, ஷெட்டுக்கு வந்து சேந்தது வேற மச்சான். நீ படிச்சவன், இத்தயெல்லாம் பாத்துத்தான் எழுதிருப்ப. சும்மா கேட்டேன். பிலோ உனக்கு மாங்கா ஊறுகா போட்டு வெச்சிகீறா.’

‘பாத்துத்தான் எழுதிருப்ப’ என்ற இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் எங்கே பார்த்தேன்? கட்டுரையை எடுத்துப் புரட்டினேன். தேறியவர் யார் என்று முடிவு செய்தது ஆபரேஷன் செய்த அதே குழு. வெளியே போனவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு வரி கிடையாது. ஆபரேஷன் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருப்பார்கள் என்று பார்க்க, ஒப்பிட ஆளே கிடையாது. ஐந்து வருஷம் டாக்டருக்குப் படித்து, இரண்டரை வருஷம் செவ்வாய்தோறும் பிஸ்கட் தின்றவன் கண்ணில் படாதது, மூட்டை எண்ணுகிற மாமா கண்ணில் பட்டிருக்கிறது. அவர் அந்தத் தாளில் சூசையைத் தேடவில்லை, எண்ணிக்கையைத் தேடினார்.

ஒன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாமா கேட்டது சரி என்று எனக்குக் காலை எட்டு மணிக்கே தெரியும். ஆனாலும் நேரே தபால் ஆபீசுக்கு ஓடாமல், மூன்று மணி வரை காத்திருந்தேன். ஆஷ்வொர்த் வாயால் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை வரும் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கும்போது நான் ஒரு நாளைத் தின்றுகொண்டிருந்தேன்.

கூட்டத்தில் நான் வக்கீலாகப் பேசவில்லை. மாமாவின் இரண்டு கேள்விகளையும் இங்கிலீஷில் அப்படியே கேட்டேன். கப்பல், கரை, இரண்டு நோட்டு எல்லாம் சொன்னேன். டெலனி கட்டுரையைப் பிடுங்கிப் பொடி எழுத்துக் குறிப்புகளைப் படித்தாள். ‘இதோ! வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டவர்களையும் வெளியே போனவர்களோடுதான் சேர்த்திருக்கிறார்கள்’ என்று மேசையைத் தட்டினாள்.

ஆஷ்வொர்த் பைப்பை எடுத்தார். ‘இந்தக் கேள்விகள் யாருடையவை?’

‘என் அக்காவின் கணவருடையவை. மதராஸ் துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிறார்.’

‘அவருக்கு இங்கே ஒரு வேலை கொடுக்கலாமா என்று கேளுங்கள்’ என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவர் என் பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, மெதுவாக, ‘யாருக்கு ஆபரேஷன்?’ என்று கேட்டார்.

‘என் தம்பிக்கு’ என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ‘தபால் ஆபீஸ் ஐந்தரைக்கு மூடும். என் கார் வாசலில் நிற்கிறது.’

6

தந்தி ஆபீஸ் பெண்ணுக்கு ராயபுரத்தை எழுத்துக் கூட்டிச் சொல்வதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. கைநாட்டு வேண்டாம், விவரம் கடிதத்தில் என்று நாலு வார்த்தை. பிறகு பன்னிரண்டு நாள் எந்தத் தகவலும் இல்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வார்டில், தலையில் அதே ஆபரேஷனின் தழும்பு உள்ள ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி உட்கார்ந்திருப்பார். அவரைக் கடந்து போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். டாக்டர் செய்கிற காரியமா அது?

பதின்மூன்றாம் நாள் மாமாவின் கடிதம். தந்தி வியாழக்கிழமை விடிகாலையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. தந்தி என்றதும் நான்தான் செத்துப்போனேன் என்று அம்மா தெருவையே கூட்டி ஒப்பாரி வைத்திருக்கிறாள். மாமா படித்துச் சொன்னதும், ‘அவ்ளோதானா, கெரகம் புடிச்சவன், இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆப்பத்துக்கு மாவு கரைக்கப் போய்விட்டாளாம். ஆபரேஷன் நின்றது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கணக்குத் தப்பாக இருந்தால் சரக்கே இல்லை என்று ஆகிவிடாது. அந்த ஆபரேஷன் சூசைக்கு நல்லது செய்திருக்கலாம். எனக்குத் தெரியாது. எழுதியவர்களுக்கும் தெரியாது, தெரிந்ததுபோல் எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

அதற்குப் பிறகு ஒரு புது மாத்திரை ஊருக்கு வந்தது. அதைப் பற்றிய கட்டுரையையும் எங்கள் செவ்வாய்க்கிழமையில் கிழிக்கப் பார்த்தோம்; இதில் மாத்திரை கொடுத்தவர் ஒருவர், பார்த்து எழுதியவர் இன்னொருவர் என்று இருந்ததால் கணக்கு தாங்கியது. முடிவின் பட்டையை நான் தொடவில்லை. முன்னைவிடத் தைரியமாக, கொடுக்கலாம் என்று மாமாவுக்கு எழுதினேன். சூசைக்கு அந்த மாத்திரைதான் கொடுக்கிறார்கள். ஆறு மாதத்தில் வீட்டுக்கு வந்துவிட்டான். முழுக்கத் தேறினான் என்று சொல்லமாட்டேன். சங்கு இன்னும் திட்டுகிறதாம், தூரத்திலிருந்து. ஆனால் மாமாவோடு பேசுகிறான், அக்காவோடு சண்டை போடுகிறான், மைதானத்தில் போய் நின்று ஆட்டம் பார்க்கிறான். என்னால்தான் இதெல்லாம் என்று எனக்குள் ஒரு பெருமை ஊறிக்கொண்டே இருந்தது. ஒளிப்பானேன்.

நேற்றுக் காலை அந்தப் பெருமைக்கு ஒரு கடிதம் வந்தது. சூசையின் சொந்தக் கையெழுத்து.

‘அண்ணாத்த, சொகமா கீறியா? நான் கீறேன். மாத்தரயால கை ஆடுது, எழுத்து கோணலா கீது, சிரிக்காத. மாமா எல்லாத்தயும் சொல்லிச்சி. நீ மொதல்ல பண்ணுன்னு எழுதினியாம், அப்பால வேணாம்னு தந்தி குடுத்தியாம். உன் மேல கோவம் இல்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன். அது என் தலதான? டாக்டரு அம்மாவக் கேட்டாரு. அம்மா மாமாவக் கேட்டுச்சி. மாமா உன்னக் கேட்டுச்சி. நீ வெள்ளக்காரனக் கேட்ட. என்ன ஒருத்தராவது கேட்டீங்களா?’

வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான்கு வருஷமாக வாரம் தவறாமல் வீட்டுக்கு எழுதுகிறேன். ஒரு கடிதத்தின் மேலும் சூசையின் பெயரை எழுதியதில்லை. ‘சூசையைக் கேட்டதாகச் சொல்லவும்’ என்று கடைசி வரியில் எழுதுவேன். அவனை எதுவும் கேட்டதே கிடையாது.

சாயங்காலம் ஒரு நீல நிற விமானத் தபாலை எடுத்து, மேலே ‘திரு. சூசை, ராயபுரம்’ என்று எழுதினேன். உள்ளே நிறைய எழுத நினைத்து, எல்லாம் மன்னிப்பாகவே வந்ததால் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: ‘சூசை, நீ இப்போது சாப்பிடுகிற மாத்திரையும் நான் சொல்லி ஆரம்பித்ததுதான். அது உனக்கு வேண்டுமா, வேண்டாமா? நீ சொல்.’

வேண்டாம் என்று எழுதிவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஒட்டி, மழையில் நனைந்துகொண்டே போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.